சித்திர சபையில் ஒரு சிறுமி

ஆடல்வல்லான் நடம் புரிந்த அம்பலங்கள் ஐந்து எனச் சைவ நன்மக்கள் கூறுவர். தில்லையிற் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை, நமது திருக்குற்றாலத்திற் சித்திர சபை என்பன அவை. இவற்றுள் ஏனைய நான்கிலும் கூத்தப்பிரான் திருமேனியாக வடிக்கப்பெற்று நிற்பான். குற்றாலத்தில் மட்டும் சுவரில் எழுதிய ஓவியமாக நிற்பான். அவன் கால் தூக்கிய நிலை அங்கு வண்ணத்தால் ஆயது. புளியறையில் வாழும் நமக்குக் குற்றாலம் சில கல் தொலைவே ஆதலின், அச்சபையைக் காணும் வாய்ப்பு நமக்குப் பன்முறை கிட்டியதுண்டு. அங்கு நிற்குந்தோறும் ஓர் எண்ணம் எழாமற் போவதில்லை. ஆடுவாரை நேரிற் காணாது, அவர்தம் உருவத்தை மட்டும் ஒரு பரப்பின்மேற் கண்டு உள்ளம் நெகிழ்வது சித்திர சபைக்கு உரியதெனின், வெண்டுணியின்மேல் ஒளி விழுந்து ஆடும் படக்கொட்டகையும் ஒருவகைச் சித்திர சபையே அன்றோ? ஒப்புமை தகாது எனச் சினப்பாரும் உளராவர். நாம் பழித்தற்கு இதனைக் கூறினோமல்லேம்; பிற சமயத்தார் போற்றும் இடத்தைப் பழித்தல் நமக்கு அழகுமன்று.

அச்சித்திர சபையில் நான்கு வயதிற் கால் வைத்து, தமிழ்நாட்டார் கண்களை ஆடற்கலையின்பால் திருப்பிய ஒரு சிறுமியைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பேபி கமலா என்றும், குமாரி கமலா என்றும், கமலா லட்சுமணன் என்றும் மும்முறை பெயர் மாறி வழங்கப்பெற்றார். ஆடவராய கலைஞர் எவரும் வயதுக்கும் மணத்துக்கும் ஏற்பத் தம் பெயரை மாற்றிக்கொண்டதாக நாம் கேட்டதில்லை, அது கிடக்க. பரதநாட்டியம் இந்நூற்றாண்டிற்கு முன்னைய நூற்றாண்டில் மறுவாழ்வு பெற்ற வரலாற்றை எழுதுவோர், சென்னைச் சங்கீத வித்வத் சபையைப் பற்றி நெடிதெழுதுவர், ஈ. கிருஷ்ணையர் செய்த தொண்டினை எழுதுவர். 1935-ம் ஆண்டில் அடையாற்றில் ருக்மிணி தேவியார் மேடையேறியதனை எழுதுவர். இவை யாவும் எழுதத் தக்கனவே. ஆயின் பேசும்படத்தைப் பற்றி ஒரு வரியோ இரண்டு வரியோ எழுதி அப்பாற் செல்வர். அதனையும் மூக்கைச் சுளித்தே எழுதுவர். இது நீதியன்று என்பது நம் கருத்து. வித்வத் சபையின் நாற்காலிகள் எத்தனை? புளியறைக் களத்துமேட்டிலிருந்து அங்குச் சென்று அமர்ந்தவர் எத்தனை பேர்? நம் ஊரார் பரதநாட்டியம் என்பதொன்று உண்டென அறிந்தது படத்தினாலே. அப்படத்துள்ளும் பெரும்பாலும் இச்சிறுமியினாலே.

கமலா 1934-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ம் நாள் மாயவரத்திற் பிறந்தார். குடும்பம் பம்பாயில் இருந்தமையின், அவர் முதலிற் பயின்றது பரதமன்று. லச்சு மகராசரிடம் கதக்கும், சங்கர ராவ் வியாசரிடம் இந்துஸ்தானி இசையுமே அவர் முதற் பாடங்கள். அங்கு அவர் ஆடுவதைக் கண்ட இயக்குநர் ஏ. என். கல்யாணசுந்தரம் ஐயர், 1938-ல் வெளிவந்த வாலிபர் சங்கம் என்ற படத்திற் சிறு வேடம் அளித்தார். அடுத்த ஆண்டு ராமநாம மகிமை. பின்னர்க் கிஸ்மத், ராம ராஜ்யம் என்னும் இந்திப் படங்கள் 1943-ல் வந்தன. மகளுக்குப் பரதம் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று துணிந்த அன்னையார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையும், பின்னர் வழுவூர் இராமையாப் பிள்ளையும் ஆசிரியராயினர். 1944-ல் ஜகதலப்பிரதாபனில் அவர் ஆடிய பாம்பாட்டம் ஊரெங்கும் பேசப்பட்டது. 1945-ல் ஸ்ரீ வள்ளியும் மீராவும் தொடர்ந்தன.

ஈண்டுச் சிலப்பதிகாரம் பயில்வார்க்கு ஓர் இடம் நினைவுக்கு வரும். அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் ஆண்டிற் கற்கத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னீராட்டைப் பருவத்தில் அவையேறுகின்றாள். ஆசிரியர் இளங்கோவடிகள் அவளை ஆடச் செய்வதற்கு முன் எத்துணைப் பேரை நமக்கு அறிமுகம் செய்விக்கின்றார்! ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியும் தனித்தனி கூறப்படுகின்றது. எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அளக்கப்படுகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை தொங்குகின்றது. தூணின் நிழல் அவையிலும் அரங்கிலும் விழாதபடி விளக்கு நிறுத்துதலும் கூறப்பட்டுள்ளது. இறுதியிலேதான் மாதவி வலக்கால் முன்வைத்து ஏறுகின்றாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். ஆனர்ஸ் வகுப்பில் நாம் இக்காதையை உரையோடு படித்தோம். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதினோம். தேர்வுக்கு வினா எதிர்பார்த்தோம். ஆயின் நம் வகுப்பிற் பெரும்பாலார் ஓர் அடவேனும் நேரிற் கண்டவரல்லர். அரங்கின் அளவு நமக்கு மனப்பாடம். அரங்கின்மேல் நிகழ்வது மட்டும் தெரியாது.

நாம் இருவர் என்ற படம் 1947 ஜனவரியில் வெளிவந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் அமைத்திருந்த நிலையத்தில் எடுத்த படம், கதை ப. நீலகண்டனது. கமலாவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. மாதவியின் அரங்கேற்ற வயதும் அதுவே என்பதைக் கண்டபோது நாம் அடைந்த வியப்பு சிறிதன்று. படத்தின் கதையை இன்று விரித்துரைத்தல் வேண்டா. அது அக்காலத்துக் கதைகளுள் ஒன்று. அதன் உயிர் பாரதியாரின் பாடல்களிலும், அவற்றிற்கு ஆடிய அச்சிறுமியின் கால்களிலுமே இருந்தது. ஆடற்பாட்டுக்களைத் திரைக்குப் பின்னிருந்து பாடியவர் டி. கே. பட்டம்மாள். திரையிற் பாடுவதாயின் தெய்வப்பாடலோ தேசப்பாடலோ அன்றி வேறு பாடுவதில்லை என்னும் கொள்கையினர் அவர். பாரதியாரின் சுதந்திரப் பள்ளு அப்படத்தில் இவ்வாறு குரலும் உருவும் பெற்றது.

இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பள்ளு என்பது உழவர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கிய வகை. முக்கூடற்பள்ளு நம் பொருநைக் கரையில் எழுந்தது. உழுவோர் சேற்றில் நின்று பாடி ஆடும் கூத்தின் வடிவத்தை எடுத்து, விடுதலை வந்துவிட்டதாகவே பாடினார் பாரதியார். அவர் 1921-ல் மறைந்தார். இறப்பதற்கு முன் ஈராண்டு காலம் தென்காசிக்கு அணித்தாகிய கடையத்தில் வாழ்ந்தார் என்பதை நம் பகுதியார் மறவார். அப்பாடலுக்கு ஒரு சிறுமி ஆடியபோது விடுதலை இன்னும் வந்திலது. ஏழு திங்கள் இருந்தன. வராததை வந்ததாக ஆடுதல் எளிதன்று. சொல்லால் அதனை நம்பவைத்தல் கவிஞனுக்கு அரிது. முகத்தாலும் கையாலும் நம்பவைத்தல் அதனினும் அரிது. பன்னீராட்டைப் பெண்ணுக்கு ஐயம் என்பது ஒன்று இல்லாமையினாலே அது கைகூடிற்றோ என்னவோ! அவ்வாடலை நாம் கைப்பேசியின் சிறு திரையிலே கண்டோம். படச்சுருள் பழையது, கோடுகள் விழுந்தது, ஒலியும் கரகரப்புடையது. அவ்வளவையும் கடந்து அம்முகத்தின் துணிவு நம்மை எட்டியது.

நம் ஊர்க்கு இதில் தனித்த செய்தி ஒன்று உண்டு. புளியறை அக்காலத்துத் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் செங்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. 1947 ஜூன் மாதத்தில், திருவிதாங்கூர் இந்தியாவுடன் சேராது தனியரசாகும் என்று திவான் சி. பி. இராமசாமி ஐயர் அறிவித்தார். அவ்வறிவிப்பு நில்லாது போயிற்று. சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் முதல் நாளன்று சென்னை மாநிலத்தொடு சேர்ந்தது. ஆதலின் 1947 தை மாதத்தில் அப்படத்தைக் கண்ட நம் ஊரார், ஆங்கிலேயரோடு மன்னராட்சியும் சூழ இருந்தே அப்பள்ளினைக் கேட்டனர். (அவ்வெல்லையைக் கணக்கிட்டால், திருவனந்தபுரத்து லலிதா, பத்மினி, ராகினி மூவரையும் நம் நாட்டவர் என உரிமை பாராட்டுதற்கும் புளியறையார்க்கு இடமுண்டு, அவ்வழக்கை வேறோர் ஆண்டு மலரில் எடுத்துக்கொள்வோம்.)

நம் உறவினராகிய முதிய ஆச்சி ஒருவர் அப்படத்தைக் கண்டவர். தந்தையார் உபதேசியார்க்கு அஞ்சுபவர்; படக்கொட்டகை பிசாசின் கூடாரம் என்று வீட்டிற் கட்டளை. சித்தப்பனாரோடு செங்கோட்டைச் சந்தைக்கு மிளகாய் வாங்கச் சென்ற சாக்கில், தரைச் சீட்டு வாங்கி மணலில் அமர்ந்து கண்டாராம். நாம் அது குறித்து வினவியபோது, "அந்தப் பிள்ளை ஆடுனதப் பாத்துட்டு வந்து நாங்க வயக்காட்டுல ஆடுனோம்லா, நாத்துக்கட்டத் தலையில வச்சுக்கிட்டு" என்று கூறிச் சிரித்தார். "யாரும் திட்டலியா ஆச்சி?" என்றோம். "திட்டாம? அப்பா அடிச்சாவ. ஆனா காலு நிக்கல" என்றார். பள்ளு வயலிற் பிறந்தது. கவிஞர் அதனை ஏட்டிற்கு ஏற்றினார். நட்டுவனாரும் சிறுமியும் திரைக்கு ஏற்றினர். திரை அதனை மீளவும் புளியறை வயலில் இறக்கியது. இதனை எந்த வித்வத் சபை செய்ய வல்லது?

இனி, நம் சபையைச் சார்ந்த பெரியோரின் தடைக்கு விடை கூறவேண்டும். 1892-ம் ஆண்டளவிற் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பியக்கத்திற்கு மிஷனரிமார் பலர் துணை நின்றனர். அவர்தம் நோக்கம் தூயது. பெண்மகவைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அவள் வாழ்வைச் செல்வர் கையில் ஒப்புவித்த கொடுமையை அவர் கண்டனர். கண்டு வாளாவிருத்தல் அவர்க்கு இயலவில்லை. ஆயின் கொடுமையைக் களைதல் வேறு, கலையைக் களைதல் வேறு. ஏரோதின் அவையில் ஆடியவளை எடுத்துக்காட்டும் போதகர், உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் தாவீதரசன் தன் முழுப் பலத்தோடும் ஆடியதனை எடுத்துக்காட்டுவது அரிது. அவனைச் சாளரத்தின் வழியே கண்டு இகழ்ந்த மீகாளின் முடிவு இன்னதென நூல் கூறுகின்றது. இன்னும் அணித்தான சான்றும் உண்டு. திருநெல்வேலியிற் பிறந்து தஞ்சையிற் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி யாது? ஆடுதற்கென்றே அமைந்த நாடகச் செய்யுள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுமிடத்துச் சந்தம் தானே கால்களை எழுப்பும். அவ்வடிவத்தைச் சாஸ்திரியார் இரட்சகர்க்கு ஆக்கினார். நம் சபைகள் அதன் சொல்லை ஏற்றன, இராகத்தை ஏற்றன. காலை மட்டும் வாயிலுக்கு வெளியே நிறுத்தின. குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவியார் 1944-ம் ஆண்டிற் கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக்கினார். பெத்லகேம் குறவஞ்சியையும் அங்ஙனம் ஆடிக் காண்பதற்கு நமக்கு விருப்பமுண்டு.

கலையின் புகழ் பேசுவோர் பேசாது விடும் மற்றொரு பக்கமும் உண்டு. கமலாவைப் போற்றும் நாமும் அதனை மறைத்தல் தகாது. மாயவரத்தைச் சுற்றி மூன்று ஊர்களை நினைக்க. மாயவரத்திற் கமலா பிறந்தார். அவர் பிறந்த மரபில் ஆடல் குலத்தொழில் அன்று. அதன் அயலதாகிய வழுவூரில், ஆடலையும் இசையையும் குலதனமாக உடைய இசை வேளாளர் மரபில், 1910-ல் இராமையாப் பிள்ளை பிறந்தார். மாயவரத்தை ஒட்டிய மூவலூரில் வளர்ந்தவர் இராமாமிர்தம் அம்மையார், அவரும் அம்மரபினரே. தம் மரபுப் பெண்கள் படும் இழிவைக் கண்டு, பொட்டுக்கட்டும் வழக்கை எதிர்த்து மேடைதோறும் முழங்கினார். 1936-ல் அதுபற்றி ஒரு நாவலும் எழுதி வெளியிட்டார். சட்டசபையில் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் அத்தகைய அன்னை ஒருவரின் மகளாரே. பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நிறைவேறியது. நாம் இருவர் வந்த ஆண்டும் அதுவே.

ஒரே ஆண்டில் ஒரு கதவு அடைபட்டது. ஒரு திரை விரிந்தது. அடைபட்டதில் நாம் மகிழ்கின்றோம். ஆயின் அடைபட்ட கதவுக்குப் பின்னே நின்ற பெண்கள் யாது ஆயினர்? தாய்வழி நூற்றாண்டுகளாகக் காத்த பதங்களும் வர்ணங்களும் அவர் கையிலே இருந்தன. அவர்தம் உடன்பிறந்தாராகிய நட்டுவனார், புதிய குடும்பத்துச் சிறுமியர்க்கு ஆசிரியராய் மதிப்பும் ஊதியமும் பெற்றனர், அவ்வளவில் நன்று. அப்பெண்களோ, தாம் ஆடுவதே தம் பழைய நிலையை நினைவூட்டும் என்று அஞ்சிச் சலங்கையைக் கழற்றிப் பெட்டியில் இட்டனர். பாலசரஸ்வதி அம்மையார் போன்ற ஒரு சிலரே துணிந்து நின்றனர். உயர்குடிச் சிறுமி ஆடினால் கலை எனவும், அதனையே அம்மரபினர் ஆடினால் தொழில் எனவும் ஊர் இரண்டு நாவாற் பேசியது. இதிற் கமலாவின் குற்றம் ஏதுமில்லை. நான்கு வயதுக் குழந்தை சமுதாயக் கணக்கை எங்ஙனம் அறியும்? ஆயினும் அவர் பெற்ற கைத்தட்டலிற் பிறர்க்கு உரிய பங்கு ஒன்று அடங்கியிருந்தது என்பதனைக் கூறாது விடுதல் வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

அமெரிக்கரும் இதற்கு விலக்கல்லர். கமலா வாலிபர் சங்கத்தில் தோன்றுமுன்னரே ஹாலிவுட்டில் ஷெர்லி டெம்பிள் என்ற சிறுமி உலகப் புகழ் எய்தியிருந்தாள். 1935-ல் வெளிவந்த தி லிட்டில் கர்னல் என்ற படத்தில், பில் ராபின்சன் என்னும் நீக்ரோவர் மரபினராய முதியவரோடு அவள் மாடிப்படியில் ஆடுவாள். படியேறி ஆடும் அத்தாள ஆட்டம் ராபின்சனுக்கே உரியது. அவர் நெடுங்காலம் மேடைகளில் ஆடிப் பெயர்பெற்ற தனிச்சொத்து. அவ்வளவு பெரிய கலைஞர்க்குப் படத்தில் வாய்த்த வேடம் ஏவலாள் வேடம். சிறுமியின் சுருள்முடி உலகறிந்தது. அவளோடு ஆடியவர் பெயரை அறிந்தார் சிலரே. கடல் கடந்த இரு நாட்டிலும் கலையை உடையவர் பின்னே நிற்க, குழந்தை முன்னே நிறுத்தப்பட்டது. இராமையாப் பிள்ளையின் நிலை ராபின்சனது நிலையினும் மேலானது என்று நாம் மகிழலாம். ஆசிரியர் என்ற மதிப்பு அவர்க்கு இறுதிவரை குறைந்திலது.

அமெரிக்கப் படங்களைக் கூறியதனால் இன்னொன்றும் கூறுவோம். பிரெட் ஆஸ்டேர் என்னும் ஆடவர் தமக்கையோடு சிறுவயதிலே மேடையேறி, பின்னர்த் திரைக்கு வந்து, ஜிஞ்சர் ரோஜர்ஸோடு 1933 முதல் 1939 வரை ஒன்பது படங்களில் ஆடினார். தாம் ஆடுகையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை முழு உருவமும் தெரியவேண்டும், இடையில் வெட்டுதல் கூடியவரை ஆகாது என்பதில் அவர் உறுதியாய் நின்றார். அது கலைஞர் அறிந்த உண்மை. ஆடல் காலில் தொடங்கி முகத்தில் முடிவது. காலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டுதல் வெண்பாவில் ஈற்றடியை மட்டும் படித்தல் போலும். நாம் இருவர் ஆடல்களிற் கருவி பெரும்பாலும் ஒருநிலையில் நின்று முழு உருவத்தைக் காட்டுவது, அக்காலத்துப் பொருட்குறையால் நேர்ந்ததோ அறிந்து செய்ததோ, பயில்வார்க்கு அது பேருதவி. வழுவூர்ப் பாணியின் சிலை போன்ற நிலைகளும், துள்ளி எழும் விரைவும், மென்மையும் அதிற் குறைவின்றித் தெரியும். பிற்காலப் படங்களில் ஆட்டம் நிகழும்போதே கண்ணிமைக்கும் இடையிற் பத்துக் காட்சி மாறுகின்றது. ஆடுவோர் ஆடினரா, கத்தரிக்கோல் ஆடிற்றா என அறிதல் அரிது.

"சினிமா டான்ஸ்" என்று இகழ்வோரை நாம் வினவ விரும்புவது இதுவே. திரைக்கென ஆட்டம் சுருக்கப்பட்டது உண்மை. மூன்று நாழிகை வர்ணத்தை அங்கு எவரும் ஆடவில்லை. சிற்சில இடத்து இயக்குநர் விருப்பத்திற்கு இசைந்து அணிகளும் ஆட்டமும் மிகைபட்டன என்பதும் உண்மை. ஆயின் திரையிற் கண்டு மயங்கியவரே பின்னர் மேடைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கினர். தம் பெண்மக்களை நட்டுவனாரிடம் ஒப்புவித்தனர். கமலாவும் திரையோடு நின்றாரல்லர். மேடைக் கச்சேரிகளை இடைவிடாது நிகழ்த்தினார். 1953-ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி ஆட அழைக்கப்பெற்றார். சீனம், யப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று ஆடினார்.

ஓவியர் ஆர். கே. லட்சுமணரோடு அவர் கொண்ட மணவாழ்வு 1960-ல் முடிவுற்றது. அக்காலத்திலே சிவகங்கைச் சீமை, பாவை விளக்கு, பார்த்திபன் கனவு முதலிய படங்களில் தோன்றினார். 1962-ல் வெளிவந்த கொஞ்சும் சலங்கையை நம் மாவட்டத்தார் வேறொரு காரணத்திற்காக நினைவிற் கொள்வர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்தது அப்படத்தில். குசலகுமாரியோடு கமலா போட்டியிட்டு ஆடுவதும் அதிலேதான். சங்கீத நாடக அகாடமி விருது 1968-லும், பத்மபூஷண் 1970-லும் அவரை அடைந்தன. 1975-ல் அமெரிக்கக் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் ஆடல் கற்பித்தார். 1980-ல் அந்நாட்டிலே குடியேறி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஸ்ரீ பரத கமலாலயம் என்ற பள்ளியை நிறுவினார். 2010-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. மேற்கூறிய பத்மினியும் 1977-ல் நியூஜெர்சியிற் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் படத்தின் ஆடற்செல்வியர் இருவரும் ஆசிரியராய் அமர்தற்கு அட்லாண்டிக் கரையைத் தேர்ந்தனர். நியூயார்க்கிற் பிறந்த தமிழ்க் குழந்தை அவரிடம் அடவு கற்க, தென்காசி மலையடிவாரத்துக் குழந்தை கற்றற்கு ஆசிரியரின்றி நிற்பது நகைப்பிற்கு உரியதா, வருத்தத்திற்கு உரியதா என நாம் அறியோம். புளியறையில் இன்று ஆடல் கற்க விழையும் பெண், பேருந்து ஏறித் தென்காசிக்கோ அதற்கும் அப்பாலோ செல்லவேண்டும். திரும்புவதற்குள் இருட்டிவிடும் என்று தாயார் தடுப்பர்.

நாம் வேண்டுவது பெரிதன்று. அரங்கேற்று காதை பாடமாகும் வாரத்தில், நாம் இருவர் படத்தின் ஆடற்பகுதிகளையும் கொஞ்சும் சலங்கையின் போட்டி ஆட்டத்தையும் வகுப்பறைச் சுவரிற் காட்டுக. அவற்றிற்கு ஒரு மணி நேரமும் ஆகாது. கருவி நம் கல்லூரியில் உள்ளது. ஆடுபவரின் கை எழும்போது கண் எங்குச் செல்கின்றது, தட்டடவில் முழங்கால் எவ்வளவு மடிகின்றது, பாட்டின் பொருள் மாறுமிடத்து முகம் எவ்வாறு மாறுகின்றது என்று ஆசிரியர் நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். திரை தரும் நலம் அதுவே, மேடையில் ஆடுபவரை நிறுத்தி மீளக் காட்டுக எனக் கேட்டல் இயலாது. பழைய தமிழ்ப்படங்களுட் பல இன்று எங்கும் கிட்டவில்லை. எஞ்சியவற்றையேனும் படி எடுத்து நூலகத்தில் ஏடுகளோடு வைத்தல் வேண்டும். இக்கோரிக்கையைத் தமிழ்த்துறையார்க்கு எழுதிக் கொடுத்துள்ளோம். ஒரு பேராசிரியர் அதனைப் படித்துவிட்டு, "முதலில் அருஞ்சொற்பொருளை முடியுங்கள்" என்றார்; மற்றொருவர், அவர் சென்றபின், படத்தின் நீளம் எவ்வளவு என்று வினவினார்.